லேப்டாப்புக்கும் மூச்சு வேண்டும்

ஆடி மாதம். கோலார் தங்கவயலில் காற்று பலமாக வீசுகிறது.

தங்கவயல் கர்நாடக மாநிலத்தில், கோலார் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. சுரங்க வேலைக்காக அந்தக் காலத்திலேயே போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் அவர்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே பூமியைத் தோண்டித் தங்கம் எடுத்தார்கள். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சுரங்கம் மூடப்பட்டது.

சுரங்கம் போய்விட்டது. தூசி போகவில்லை.

பாறையை மாவு போல அரைத்தார்கள். சயனைடு என்ற நஞ்சைக் கலந்து தங்கத்தைப் பிரித்தார்கள். மிச்சமான மண்ணை ஊரைச் சுற்றிக் கொட்டினார்கள். அது இன்றும் சிறு குன்றுகள் போல நிற்கிறது. சயனைடு மலை என்று ஊரார் சொல்கிறார்கள். காற்று அடித்தால் அந்த மண் பறந்து வரும். சோற்றுப் பானையில் விழும். கொடியில் காயும் துணியில் ஒட்டும்.

அந்த ஊரில் ஒரு வீடு. அப்பா விடியற்காலையில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார். இரவில் திரும்புகிறார். அம்மா மகளிர் குழுவில் இருக்கிறார். மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். மகள் கல்லூரியில் படிக்கிறாள். தாத்தா சுரங்கத்தில் வேலை செய்தவர்.

மகளின் படிப்புக்காகக் குழுவில் கடன் வாங்கி ஒரு பழைய லேப்டாப் வாங்கினார்கள். தமிழில் மடிக்கணினி என்பார்கள். கடன் இன்னும் தீரவில்லை.

அன்று இரவு மகள் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். மறுநாள் மாலைதான் கடைசி நேரம். கட்டிலில் மெத்தை மேல் லேப்டாப் இருந்தது. அது 'உர்' என்று சத்தம் போட்டது. அடிப்பக்கம் தோசைக்கல் போலச் சுட்டது. திடீரென்று அணைந்துவிட்டது.

மறுபடி போட்டாள். பத்து நிமிடத்தில் அணைந்தது. மூன்றாம் முறையும் அப்படியே ஆயிற்று.

"கெட்டுப் போச்சும்மா" என்று மகள் அழுதாள்.

அம்மாவுக்கும் பயம். "நான் தொட மாட்டேன் தாயே. எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்றார்.

தாத்தா மட்டும் கிட்டே வந்தார். கையை வைத்துப் பார்த்தார். "சுடுகிறதே. இதற்குக் காற்று எந்த வழியாகப் போகிறது?" என்று கேட்டார்.

அதுதான் சரியான கேள்வி.

சுரங்கமும் லேப்டாப்பும்

தங்கவயல் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அவ்வளவு ஆழத்தில் பாறையே சுடும். மேலே இருந்து குளிர்ந்த காற்று உள்ளே போக வேண்டும். சூடான காற்று வெளியே வர வேண்டும். பெரிய பெரிய காற்றாடிகள் அந்த வேலையைச் செய்தன. காற்று நின்றால் மனிதனால் உள்ளே நிற்க முடியாது. வேலையும் நிற்கும்.

லேப்டாப்பும் அப்படித்தான்.

அதற்குள் ஒரு சிறு சில்லு இருக்கிறது. கணக்குப் போடுவது அதுதான். அது வேலை செய்யும்போது சூடாகும். அதன் மேல் ஒரு செம்புக் குழாய் படிந்திருக்கும். குழாய் சூட்டை எடுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போகும். ஓரத்தில் சீப்புப் பல் போல மெல்லிய தகடுகள் இருக்கும். பக்கத்திலேயே ஒரு சின்ன ஃபேன் இருக்கும்.

ஃபேன் சுற்றும். அடிப்பக்கத் துளைகள் வழியாகக் காற்றை இழுக்கும். அந்தக் காற்று தகடுகளுக்கு நடுவே போகும். சூட்டை எடுத்துக்கொண்டு பக்கத்துத் துளைகள் வழியாக வெளியே வரும். சில லேப்டாப்பில் பின்பக்கம் வரும்.

காற்றோடு தூசியும் உள்ளே போகிறது. மண், துணி நூல், தலைமுடி, ஊதுபத்திச் சாம்பல் எல்லாம் போகின்றன. அடுப்புப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்கிறது. எல்லாம் போய்த் தகடுகளின் வாயில் அடைக்கின்றன. நாளடைவில் கம்பளித் துண்டு போலக் கெட்டியாகின்றன.

பிறகு காற்று போக வழி இல்லை. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சூடு இறங்காது. முதலில் லேப்டாப் மெதுவாக வேலை செய்யும். தன் சூட்டைக் குறைக்க அது செய்யும் வழி அது. அப்போதும் சூடு ஏறினால் தானே அணைந்துவிடும். சில்லு கருகாமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறது.

ஆகவே, அணைந்தது என்றால் உடனே கெட்டுப்போனது என்று பொருள் இல்லை. 'எனக்கு மூச்சு முட்டுகிறது' என்று சொல்கிறது. அவ்வளவுதான்.

அன்றிரவு செய்தது

தாத்தா சொல்லி, மகள் லேப்டாப்பை மெத்தையிலிருந்து எடுத்தாள். மெத்தை அடிப்பக்கத் துளைகளை மூடியிருந்தது. சோறு வடிக்கும் மரப்பலகையைக் கொண்டுவந்தாள். அரை மணி நேரம் ஆறவிட்டாள். பிறகு பலகையின் மேல் வைத்து, பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடிகளை முட்டுக் கொடுத்தாள். அடியில் காற்றுப் போக இடம் கிடைத்தது.

இந்த முறை அரை மணி நேரம் ஓடியது. அதற்குள் எழுதியதை எல்லாம் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டாள். பிறகு அணைந்தது. ஆனால் எழுதியது பத்திரமாக இருந்தது.

துடைப்பதற்கு முன்னும், கடைக்குக் கொடுப்பதற்கு முன்னும் முக்கியமானவற்றை நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். இது நல்ல பழக்கம்.

பஞ்சர் கடைக்குப் போகலாமா?

காலையில் பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். "அக்கா, பஞ்சர் கடையில் காற்று அடித்தால் தூசி பறந்துவிடும். கொடுங்கள், நான் போய் வருகிறேன்" என்றான்.

அம்மா கொடுக்கப் போனார். தாத்தா தடுத்தார். "தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம்" என்றார்.

அவர் தடுத்தது நல்லதாயிற்று. பஞ்சர் கடைக் காற்று மிகவும் பலமானது. அது லாரி டயருக்கான காற்று. அந்தக் காற்றோடு தண்ணீர்த் துளியும் எண்ணெயும் வரும். அவை உள்ளே பட்டால் பலகை கெடும். சின்ன ஃபேனும் தாறுமாறாகச் சுற்றும். அதன் அச்சு தேய்ந்து உடையும்.

கடைத்தெருவில் லேப்டாப் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். அம்மாவும் மகளும் அவரிடம் போனார்கள். அவர் அடிமூடியைக் கழற்றினார். ஃபேனை எடுத்தார். தகடுகளின் வாயில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை இருந்தது. சின்ன இடுக்கியால் பிடித்து இழுத்தார். முழுதாக வந்தது.

"பாருங்கம்மா, இதுதான் உங்கள் நோய்" என்றார். "வேறு ஒன்றும் கெடவில்லை."

அம்மா அந்தப் பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். விரலில் தேய்த்தார். நறநற என்றது. சயனைடு மலை மண்.

"தம்பி, இதை நான் வீட்டிலேயே துடைக்க முடியுமா?" என்று கேட்டார்.

"வெளிப்பக்கத்தை நீங்களே துடைக்கலாம். மாதம் ஒரு முறை துடைத்தால் உள்ளே இவ்வளவு அடையாது. உள்ளே துடைப்பதை வருடத்துக்கு ஒரு முறை என்னிடம் கொண்டுவாருங்கள்."

அவர் சொல்லிக் கொடுத்ததை நாமும் தெரிந்துகொள்வோம்.

துடைப்பதற்கு என்ன வேண்டும்?

புதிய பெயின்ட் பிரஷ் ஒன்று. முடி மெதுவாக இருக்க வேண்டும். ஓர் அங்குல அகலம் போதும்.

மெல்லிய பருத்தித் துணி இரண்டு. துவைத்து நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கண்ணாடி துடைக்கும் துணி இருந்தால் இன்னும் நல்லது.

ரப்பர் ஊதுபந்து ஒன்று. கேமரா வைத்திருப்பவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். பழைய ஆட்டோ ஹாரனில் இருக்கும் பந்து போல இருக்கும். அமுக்கினால் காற்று வரும். தண்ணீர் வராது.

நமக்கு ஒரு முகக்கவசம். இல்லாவிட்டால் துணியால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ள வேண்டும். லேப்டாப்பில் இருந்து வெளியே வரும் தூசி நம் மார்புக்குள் போகக் கூடாது.

எப்படித் துடைப்பது?

1. லேப்டாப்பை முழுவதும் அணைக்க வேண்டும். மூடி வைத்தால் மட்டும் போதாது. மூடினால் அது தூங்கும், அணையாது.

2. சார்ஜர் ஒயரைப் பிடுங்க வேண்டும். பென் டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். சில பழைய லேப்டாப்பில் பேட்டரியை வெளியிலிருந்தே கழற்றலாம். அப்படி இருந்தால் கழற்ற வேண்டும்.

3. சூடு ஆறும் வரை காத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் போதும்.

4. வெளிச்சமான இடத்தில், மேஜை மேல் வைக்க வேண்டும். வீட்டுக்குள் காற்று வீசாத நேரம் நல்லது. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும்.

5. முதலில் திரை. காய்ந்த துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும். அழுத்தக் கூடாது. அழுத்தினால் திரை விரிசல் விடும். கறை போகாவிட்டால் துணியின் ஓர் ஓரத்தை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைக்கலாம். தண்ணீரைத் திரை மேல் தெளிக்கவே கூடாது.

6. பிறகு எழுத்துப் பலகை. கீபோர்டு என்று சொல்கிறோமே, அதுதான். லேப்டாப்பைத் திறந்தபடியே கவிழ்த்துப் பிடித்து, முதுகில் மெதுவாகத் தட்ட வேண்டும். அரிசி, பிஸ்கட் தூள், முடி எல்லாம் விழும். பிறகு பிரஷால் எழுத்துகளுக்கு நடுவே தள்ள வேண்டும். எழுத்துக் கட்டைகளைக் கத்தியால் நெம்பி எடுக்கக் கூடாது. சில கட்டைகள் திரும்ப மாட்டாது.

7. அடுத்து காற்றுத் துளைகள். அடிப்பக்கத்திலும் பக்கத்திலும் உள்ள துளைகளை பிரஷால் வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். உள்ளே குத்தக் கூடாது. பிறகு ரப்பர் பந்தால் சாய்வாக, விட்டு விட்டு ஊத வேண்டும்.

8. கடைசியாக ஒயர் செருகும் இடங்கள். பிரஷால் தட்டினால் போதும். ஊசி, கொண்டை ஊசி, ஊக்கு எதையும் விடக் கூடாது. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் வளைந்துவிடும்.

9. எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

துடைத்து முடித்துப் போட்டதும் ஒரு சோதனை செய்யலாம். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, காற்று வெளியே வரும் துளைக்கு நேராக உள்ளங்கையைக் காட்ட வேண்டும். வெதுவெதுப்பான காற்று பட்டால் மூச்சு சரியாக இருக்கிறது. லேப்டாப் நன்றாகச் சுடுகிறது, ஆனால் காற்றே வரவில்லை என்றால், உள்ளே அடைத்திருக்கிறது அல்லது ஃபேன் சுற்றவில்லை. அப்போது கடைக்குக் கொண்டுபோக வேண்டும். சில சின்ன லேப்டாப்பில் ஃபேனே இருக்காது. அதில் இந்தச் சோதனை தேவை இல்லை.

வாயால் ஊதலாமா?

நம்மில் பலர் வாயால் 'பூ' என்று ஊதுவோம். ஊதினால் எச்சில் ஈரமும் போகும். ஈரத்தில் தூசி இன்னும் ஒட்டும். வாயால் ஊத வேண்டாம்.

வீடு துடைக்கும் தூசி உறிஞ்சியையும் வைக்க வேண்டாம். அதன் பிளாஸ்டிக் மூக்கில் நிலைமின்சாரம் உண்டாகும். காய்ந்த தலையில் சீப்பு வைத்தால் முடி தூக்கிக்கொண்டு நிற்குமே, அதே மின்சாரம்தான். நமக்கு அது விளையாட்டு. சில்லுக்கு அது இடி.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், சோப்புத் தண்ணீர், ஜன்னல் கண்ணாடி துடைக்கும் மருந்து எதுவும் வேண்டாம். திரையின் மேல்பூச்சு போய்விடும். பிளாஸ்டிக்கும் வெளுக்கும்.

உள்ளே திறக்கலாமா?

திருகாணியைக் கழற்றத் தெரிந்தவர்கள் வீட்டில் திறக்கிறார்கள். ஆனால் முதல் முறை தெரிந்தவரோடு உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். ஏன் என்று அந்த இளைஞர் சொன்னார்.

திருகாணிகள் ஒரே நீளம் இல்லை. குட்டையானது இருந்த இடத்தில் நீளமானதைப் போட்டால் உள்ளே குத்திவிடும். அவர் ஒரு தாளில் லேப்டாப்பின் படம் போட்டார். எந்தத் திருகாணி எங்கே இருந்ததோ, தாளில் அங்கேயே வைத்தார்.

மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். ஒயரைப் பிடுங்கினாலும் பேட்டரியில் மின்சாரம் இருக்கிறது அல்லவா? உள்ளே தொடுவதற்கு முன் இரும்பு அலமாரியை ஒரு முறை தொட்டார். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும்.

ஊதும்போது ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொண்டார். ஃபேன் காற்றில் வேகமாகச் சுற்றினால் அச்சு கெடும். சுற்றுகிற ஃபேன் மின்சாரத்தையும் உண்டாக்கும்.

லேப்டாப் புதியது, உத்தரவாத அட்டைக்குக் காலம் இருக்கிறது என்றால் நாமாகத் திறக்க வேண்டாம். அட்டையை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும்.

பேட்டரி உப்பினால் தொடாதீர்கள்

இதைக் கவனமாகப் படியுங்கள்.

லேப்டாப்பின் மூடி சரியாக மூடவில்லையா? விரல் தேய்க்கும் கட்டம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அடிப்பக்கம் வயிறு போலப் புடைத்திருக்கிறதா? மேஜை மேல் வைத்தால் ஆடுகிறதா?

அப்படி என்றால் பேட்டரி உப்பியிருக்கலாம். அதை அமுக்கக் கூடாது. குத்தக் கூடாது. சார்ஜ் போடக் கூடாது. உப்பிய பேட்டரி கிழிந்தால் தீப்பிடிக்கும். அந்தப் புகையும் நஞ்சு. உடனே அணைத்து, ஒயரைப் பிடுங்கி, அடுப்பிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். குழந்தைகளை அருகே விடக் கூடாது. பழுது பார்ப்பவரைக் கேட்க வேண்டும்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. 2022ஆம் ஆண்டு மத்திய அரசு பேட்டரிக் கழிவுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. பேட்டரி செய்து விற்பவர்களே பழையதைத் திரும்பச் சேகரிக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. புதிய பேட்டரி வாங்கும் கடையில், "பழையதை எங்கே சேர்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

தூசி சேராமல் இருக்க

மெத்தை, தலையணை, மடி மேல் வைத்து ஓட்ட வேண்டாம். பலகை அல்லது மேஜை நல்லது.

வேலை முடிந்து, அணைத்து, ஆறிய பிறகு ஒரு துணியால் மூடி வைக்கலாம். ஓடும்போது மூடவே கூடாது.

சமையல் அடுப்புக்கும் ஊதுபத்திக்கும் பக்கத்தில் வைக்க வேண்டாம். காற்றுக் காலத்தில் ஜன்னல் ஓரத்தில் வைக்க வேண்டாம்.

சாப்பிட்டுக்கொண்டே வேலை செய்ய வேண்டாம். சிந்திய சோற்றுக்கு எறும்பு வரும். கரப்பானும் வரும்.

என் மார்பைத் துடைக்க முடியாது

அன்று மதியம் லேப்டாப் வீட்டுக்கு வந்தது. சத்தம் இல்லை. சூடும் இல்லை. மாலை 4 மணிக்கு மகள் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள்.

தூசிப் பட்டையைத் தாத்தாவிடம் காட்டினார்கள். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு இருமினார்.

பாறைத் தூசியைப் பல ஆண்டுகள் சுவாசித்தால் அது நுரையீரலில் தங்கும். நுரையீரல் தழும்பேறிப் போகும். அந்த நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். சுரங்கத்திலும் கல் உடைக்கும் இடத்திலும் வேலை செய்தவர்களுக்கு அது வருகிறது. வந்தால் போகாது.

"எனக்கு மார்பில், இதற்கு வயிற்றில்" என்றார் தாத்தா. "என் மார்பைத் திறந்து துடைக்க முடியாது. இதைத் துடைக்கலாம். மாதா மாதம் துடையுங்கள். துடைக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்."

இப்போது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மாதான் லேப்டாப்பைத் துடைக்கிறார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பிரஷை எடுத்துக்கொண்டு உட்காருகிறார். செய்ய வேண்டியதை ஒரு தாளில் தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். முதல் வரி இது: 'முதலில் அணை. பிறகு தொடு.'

நினைவில் வைப்போம்

அணை, பிடுங்கு, ஆறவிடு. அதன் பிறகே துடை.
தண்ணீர் தெளிக்காதே. வாயால் ஊதாதே.
உள்ளே அடைத்தால் தெரிந்தவரிடம் போ.
உப்பிய பேட்டரியைத் தொடாதே.
உன் மூக்கையும் காப்பாற்று.

பேசிப் பார்ப்போம்

1. லேப்டாப் ஏன் தானாக அணைகிறது?
2. பஞ்சர் கடைக் காற்று ஏன் கூடாது?
3. உங்கள் ஊரில் தூசி எங்கிருந்து வருகிறது? அது யார் உடம்பில் போய்ச் சேருகிறது?
4. உங்கள் வீட்டில் எந்தப் பொருளைத் தொட உங்களுக்குப் பயம்? அதைப் பற்றி யாரிடம் கேட்கலாம்?